கடலோர வீட்டுப் பட்டறைக்கு எந்த டேபிள் சா? ஹைப்ரிட், போர்ட்டபிள், உள்ளூர் காம்பைண்ட் மிஷின்

டேபிள் சா என்பது மேசையின் நடுவே வட்ட ரம்ப பிளேடு எட்டிப்பார்க்கும் மிஷின். அதில் ஹைப்ரிட் என்ற ரகம் பிறந்ததே அமெரிக்க வீட்டு மின்சாரத்தால்தான். அங்கே சாதாரண பிளக் 120 வோல்ட். அதில் ஒன்றே முக்கால், மிஞ்சினால் 2 எச்.பி. வரைதான் ஓட்டலாம். அதனால் பெரிய கேபினட் ரம்பத்தின் வார்ப்பிரும்பு மேசையையும் மூடிய பெட்டியையும் வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் குறைத்தார்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் 230 வோல்ட் வருகிறது. 16 ஆம்பியர் பிளக்கில் 2 எச்.பி. மோட்டார் சுமார் 10 ஆம்பியரில் முழுச் சுமைக்கு ஓடிவிடும். ஆகவே இங்கே பவரை வைத்துத் தேர்வு செய்ய வேண்டியதில்லை. பலகையை நேராக வழிநடத்தும் பக்கச் சட்டமான ஃபென்ஸ் நகராமல் பிடிக்கிறதா, வெட்டிய இடைவெளி மூடாதபடி பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடான ரிவிங் நைஃப் இருக்கிறதா, உப்புக் காற்றை மேசை தாங்குமா என்று பாருங்கள்.

போர்ட்டபிளில் டிவால்ட் டிடபிள்யூஇ7492 (2000 வாட்), பாஷ் ஜிடிஎஸ் 10 ஜே (1800 வாட்) இரண்டும் 26 கிலோ சுமார். ஒருவரே மாடிக்குத் தூக்கிப் போகலாம். டிவால்டின் ஃபென்ஸ் பல்சக்கரத்தில் நகர்வதால் முன்னும் பின்னும் ஒன்றாகவே போகும். இந்த எடையில் அது பெரிய வசதி. அலுமினிய மேசை என்பதால் துருத் தொல்லை குறைவு. குறை என்றால் சத்தம்தான். கார்பன் பிரஷ் மோட்டார் போடும் இரைச்சலை நெருக்கமான தெருவில் அக்கம்பக்கத்தார் அரை மணி நேரம்கூடப் பொறுக்க மாட்டார்கள். மேசையும் சிறியது. எட்டடி பிளைவுட் ஷீட்டைத் தள்ளினால் பின்பாரம் இழுக்கும், பின்னால் ஒரு தாங்கி வைத்தே ஆக வேண்டும்.

உள்ளூர் ஆசாரிப் பட்டறைகளில் நிற்கும் காம்பைண்ட் மிஷின், அதாவது இழைக்கும் பிளேனரும் வட்ட ரம்பமும் ஒரே உடம்பில் இருப்பது, வலுவில் யாருக்கும் சளைத்ததல்ல. கனத்த வார்ப்பிரும்பு, இண்டக்ஷன் மோட்டார், பெல்ட் எல்லாம் உண்டு. பெல்ட்டோ பேரிங்கோ போனால் உள்ளூர் கடையிலேயே கிடைக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் ரிவிங் நைஃப் கிடையாது. வேப்ப மரத்தை நீளவாக்கில் அறுப்பவர்களுக்கு அது இல்லாததன் ஆபத்து தெரியும். வேம்பின் இழை பின்னிக்கொண்டு போவது. உள்ளே இருக்கும் இறுக்கம் அறுக்க அறுக்க அவிழ்ந்து, வெட்டிய இடைவெளி பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். மேலெழும் பின்பற்கள் பலகையைக் கவ்வி, தள்ளுபவரின் வயிற்றை நோக்கி வீசும். ரிவிங் நைஃப் என்பது பிளேடோடு ஏறி இறங்கும் ஒரு தகடு, அவ்வளவுதான். பிளேடின் உடம்பைவிடத் தடிமனாகவும் வெட்டும் அகலத்தைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும். உடம்பு 2.2, வெட்டு 3.2 மி.மீ. என்றால் தகடு 2.5 மி.மீ. இருக்கலாம். தனியாகத் தொழில் செய்யாமல் வீட்டில் பழகுபவருக்கு இது இல்லாத மிஷினைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

இனி ஹைப்ரிட். கிரிஸ்லி ஜி0771இசட் (2 எச்.பி.), லகூனா எஃப்1 (ஒன்றரை எச்.பி., 110 வோல்ட்) போன்றவற்றை இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணை, மறந்துவிடுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், 60 ஹெர்ட்ஸை 50 ஆக்காது. நிமிடத்துக்கு 3850 சுற்றில் ஓட வேண்டிய பிளேடு இங்கே 3200 சுற்றில் ஓடும். வெட்டு சொரசொரக்கும், மோட்டார் சூடேறும். நிரந்தரத் தீர்வு, கோயம்புத்தூர் மோட்டார் ஒன்றைப் பொருத்துவது. 2 எச்.பி., 2880 சுற்று மோட்டாரில் 4 அங்குலப் புல்லியும் பிளேடு தண்டில் 3 அங்குலப் புல்லியும் போட்டால் 3840 சுற்று வரும். பல வரிப் பெல்ட் என்றால் அதே வரிகளோடு லேத்தில் புல்லி கடைய வேண்டும். அமெரிக்க மோட்டாரின் போல்ட் துளைகளும் நம் மோட்டாரின் துளைகளும் ஒத்துப்போகா. இடையில் 8 மி.மீ. இரும்புத் தகடு வரும். இந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால் ஹைப்ரிட் இறக்குமதியை விட்டுவிடுங்கள்.

வாங்குவதானால் ட்ரன்னியன் எதில் தொங்குகிறது என்று கேளுங்கள். பிளேடைத் தாங்கும் அந்தக் கட்டமைப்பு பெட்டியில் பொருந்தியிருந்தால், மேசையில் நீளவாக்கில் ஓடும் மைட்டர் காடிக்கு பிளேடு இணையாக இருக்கிறதா என்று நேர் பார்ப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை முழுக்க உயர்த்தி, ஒரே ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்தக் காடியில் மூலமட்டத்தைச் (அளவுகோல் நகரும் கோண மட்டம்) சாய்த்து, அந்தப் பல் முன்னால் இருக்கும்போது அதன் அளவுகோலைத் தொட வையுங்கள். பல்லைப் பின்னுக்குச் சுற்றி அதே அளவைப் பாருங்கள். ஓர் ஏ4 தாளின் தடிமன், அதாவது 0.1 மி.மீ. வித்தியாசத்துக்கு மேல் கூடாது. கூடினால் மேசையின் நான்கு போல்ட்டில் மூன்றைத் தளர்த்தி, நான்காவதை அரைகுறையாக விட்டு, ஓரத்தைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டுங்கள். ட்ரன்னியன் மேசையிலேயே தொங்கும் ரகத்தில் இதே வேலையைக் குனிந்து, மேசைக்கு அடியில் கைவிட்டுச் செய்ய வேண்டும். போல்ட்டை இறுக்கும்போதே அது நகர்ந்து தொலைக்கும்.

துருதான் இந்த ஊர்களின் பெரிய பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் வார்ப்பிரும்பு மேசையில் வியர்த்த கையை வைத்தாலே மறுநாள் ஐந்து விரலும் காவி நிறத்தில் தெரியும். மாதம் ஒருமுறை பேஸ்ட் வாக்ஸ் தேய்த்துத் துடையுங்கள். சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் வேண்டாம். அது பலகையில் ஒட்டினால் வார்னிஷ் அந்த இடத்தில் குழி குழியாக விலகும். பிளாஸ்டிக் ஷீட் மூடாமல் பழைய பருத்திப் போர்வையால் மூடுங்கள். ட்ரன்னியன் பற்களில் கிரீஸ் போட்டால் பலாத்தூள் ஒட்டிக் கல்லாகிவிடும், கிராஃபைட் தூள் போதும். தரைத்தளமானால் மிஷினைக் கட்டை மேல் ஏற்றி வையுங்கள். 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. காம்பைண்ட் மிஷினின் மோட்டார் பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் இருக்கும்.

மாடியில் ஒற்றை அறை என்றால் போர்ட்டபிள். தரைத்தளத்தில் பத்துக்குப் பதினைந்தடி நிரந்தர இடமும் லேத் வேலைக்கு ஆளும் இருந்தால் ஹைப்ரிட். காம்பைண்ட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், வெல்டரிடம் சொல்லி ரிவிங் நைஃப் ஒன்றைப் பிளேடு தாங்கியில் பொருத்திய பிறகே நீளவாக்கில் அறுக்கத் தொடங்குங்கள். மேசை மட்டும் ஏறி இறங்கும் மாடலில், தகடு பிளேடைவிட உயரமாகத் துருத்தாதபடி வெட்டச் சொல்லுங்கள்.