போட் இன்ஜின் அறைக்குள்ள விழுந்த போல்ட் தேட வாங்கின மூணு சாமான் - என்னோட ரிவ்யூ

பில்ஜ்ல, அதாவது போட்டோட அடியில தண்ணி தேங்குற பள்ளத்துல, ஒரு போல்ட்டோ நட்டோ தனியா கிடந்தா அதை எடுத்து டப்பால போட்டுட்டு கிளம்பிடுறவங்க நிறைய பேரு, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. அது எங்கிருந்து கழண்டுச்சுனு தெரியாம இன்ஜினைத் தொடவே கூடாது. இந்த வேலைக்காகவே காந்தக் கம்பி, நகம் வச்ச கிராப்பர், எண்டோஸ்கோப் கேமரா (நீள கேபிள் நுனியில குட்டி கேமரா, படம் போன்ல தெரியும்) மூணும் வாங்கி யூஸ் பண்றேன்.

காந்தக் கம்பி பழைய ரேடியோ ஆன்டெனா மாதிரி இழுத்தா நீளும், பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா போட்டுக்கு பாதி வேலைதான் செய்யும். போட்ல போடுற போல்ட் பெரும்பாலும் 304 இல்லைனா 316ங்கிற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுல காந்தம் ஒட்டாது. சில 304 போல்ட் லேசா இழுக்கும், சரி வந்துருச்சுனு தூக்கினா பாதி வழியில நழுவி இன்னும் மோசமான சந்துக்குள்ள போயிரும். பித்தளை, வெண்கலம் பத்தி கேட்கவே வேணாம். இன்னொரு தொல்லை, இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்புங்கிறதால கம்பி கீழ போறதுக்குள்ள பக்கவாட்டுல போய் ஒட்டிக்குது. அதனால நுனியைச் சுத்தி பிளாஸ்டிக் உறை இருக்குற மாடலா பார்த்து வாங்குங்க. திசைகாட்டி பக்கத்துல மட்டும் இதை வைக்காதீங்க, முள்ளு திரும்பிடும்.

கிராப்பர்ல பின்னாடி அமுக்கினா நாலு நகம் விரியும், விட்டா கவ்விக்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு இதுதான். எண்ணெய் பட்ட வாஷர் மட்டும் வழுக்கிட்டே இருக்கும். எதை உள்ள விடுறதுக்கு முன்னாடியும் பேட்டரி சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க, ஸ்டார்ட்டர் டெர்மினல்ல கம்பி பட்டா ஷார்ட் ஆகும்.

கேமராதான் மூணுலயும் பெஸ்ட், காசு கொடுத்ததுக்கு முழுசா உழைக்குது. போல்ட்டை எடுக்க இது அவ்வளவா உதவாது, எங்கிருந்து விழுந்துச்சுனு கண்டுபிடிக்கத்தான். முதல்ல போல்ட் தலையைப் பாருங்க: 8.8னு இருந்தா ஸ்டெயின்லெஸ் இல்லாத ஸ்டீலு, பிராக்கெட் பக்கமோ மவுன்ட் (இன்ஜினைத் தாங்குற கால்) பக்கமோ தேட ஆரம்பிக்கலாம், ஏ4னு இருந்தா 316 ரகம், இன்ஜினை விட்டுட்டு மத்த பொருத்துகளையும் பார்க்கணும். தலையில இன்ஜின் பெயின்ட் கலர் ஒட்டியிருக்கா, மரையில நீலமா லாக்டைட் (மரை கழலாம இருக்கப் போடுற பசை) காஞ்சிருக்கானும் கவனிங்க.

எனக்குக் கிடைச்சது ஒரு பெரிய நட்டு. முன்பக்க மவுன்ட் ரெண்டும் சரியா இருந்துச்சு, பின்பக்கம் கையும் போகாது கண்ணும் போகாது, கேமராவை விட்டா அங்க ஒரு ஸ்டட்ல (நட்டு மாட்டுற, தலையில்லாத மரைக் கம்பி) நட்டே இல்ல, மரை மட்டும் பளபளன்னு தெரியுது. சுத்தி எல்லாம் துருவும் அழுக்கும், அந்த மரை மட்டும் புதுசு மாதிரி. அப்போ கழண்டு ரொம்ப நாள் ஆகலைனு அர்த்தம். ஓட்டையோ ஸ்டட்டோ உள்ள வரைக்கும் துரு பிடிச்சிருந்தா அது முன்னாடியே காலியா இருந்தது. மவுன்ட் லூசாகி இன்ஜின் நகர்ந்தா புரொப்பெல்லரைச் சுத்துற ஷாஃப்ட்டோட அலைன்மென்ட் போயிரும், அப்புறம் ஷாஃப்ட் சீல்ல தண்ணி கசியும், ஒரு நட்டுக்காக இவ்வளவும்.

கேமராவுல குறையும் இருக்கு. லென்ஸ்ல துளி எண்ணெய் பட்டாலும் எல்லாம் மங்கல், அடிக்கடி துடைக்கணும். பில்ஜ் தண்ணியில எல்இடி வெளிச்சம் அடிச்சு திரும்பி கண்ணைக் கூசுது, வெளிச்சத்தைக் குறைச்சு வச்சா பரவால்ல. ஐபி67னு (தண்ணி, தூசி உள்ள போகாதுங்கிற குறியீடு) போட்டிருக்குறது கேமரா தலைக்கு மட்டும், போன்ல சொருகுற முனைக்கு கிடையாது. பெட்ரோல் இன்ஜின்னா ஆவி கீழ தங்கும், புளோயரை (ஆவியை வெளிய தள்ளுற ஃபேன்) ஓடவிட்டு பெட்ரோல் வாசனை இல்லைனு உறுதி பண்ணிட்டுத்தான் எந்த எலக்ட்ரானிக் சாமானையும் உள்ள விடணும்.

அலுமினிய போட் வச்சிருக்கவங்க செம்பு, பித்தளை துண்டு எதையும் அடியில விட்டுடாதீங்க, உப்புத்தண்ணி சேர்ந்தா அந்த இடத்துல அலுமினியத்தை அரிச்சு ஓட்டையே போட்டுரும்.

ஒண்ணுதான் வாங்க முடியும்னா கேமரா வாங்குங்க, வளைச்சா வளைச்ச இடத்துல நிக்கிற கேபிளா பாருங்க. ரெண்டாவது கிராப்பர். காந்தம் கடைசியா.