சார் வகையா, வார்சார் வகையா: தேடும்போது எது காலை வாரும்?

டேட்டாபேஸில் எழுத்துகளைச் சேமிக்க இரண்டு வகைகள் உண்டு: நீளம் மாறாத சார் (CHAR), நீளம் மாறும் வார்சார் (VARCHAR). சார்(10) நெடுவரிசையில் ‘அ12’ என்று சேமித்தால், மீதி 7 இடங்களையும் டேட்டாபேஸ் வெற்றிடங்களால் (ஸ்பேஸ்) நிரப்பிவிடும். வார்சார்(10) கொடுத்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். அங்கே 10 என்பது உச்சவரம்பு, அவ்வளவுதான்.

வினையெல்லாம் தேடலில்தான். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸில் சமக்குறி போட்டு ‘அ12’ என்று கேட்டால் சார் நெடுவரிசையிலும் கிடைத்துவிடும். அந்த ஒப்பீட்டில் கடைசி வெற்றிடங்கள் கணக்கில் வராது. அதையே, வடிவத்தை வைத்துத் தேடும் லைக் (LIKE) போட்டுக் கேட்டால் ஒன்றும் வராது. ‘%12’, அதாவது ‘12’ என்று முடிவது எதுவானாலும் என்று கேட்டாலும் வராது, ஏனென்றால் சரம் முடிவது வெற்றிடத்தில். சரி, நீளத்தைப் பார்க்கலாம் என்று லெங்த் கேட்டால் கூசாமல் 3 என்கிறது!

ஆரக்கிள் என்ற டேட்டாபேஸில் குழப்பம் வேறு மாதிரி. வினவலுக்குள் நேரடியாக எழுதிய மதிப்பு பொருந்தும். அதையே வார்சார்2 (ஆரக்கிளின் வார்சார்) மாறியாக அனுப்பினால் பொருந்தாது. கையால் சோதித்தால் ஓடும், செயலியில் ஓடாது. மைஎஸ்கியூஎல் (MySQL) டேட்டாபேஸோ சார் நெடுவரிசையைப் படிக்கும்போதே கடைசி வெற்றிடங்களை வெட்டிவிடும், நீங்கள் வேண்டுமென்றே வைத்ததையும் சேர்த்து.

வார்சாரும் சுத்தம் என்று சொல்ல முடியாது. பயனர் தவறித் தட்டிய கடைசி வெற்றிடம் அப்படியே தங்கி, போஸ்ட்கிரெஸ்ஸில் சமக்குறியையே தோற்கடிக்கும். ஆனால் உள்ளே விடும்போதே டிரிம் செய்தால், அதாவது ஓர வெற்றிடங்களை வெட்டினால், தீர்ந்தது.

நிலையான நீளம் வேகமானது என்ற பழைய பேச்சும் போஸ்ட்கிரெஸ்ஸில் எடுபடாது. பெரும்பாலும் சார்தான் மெதுவானது என்று அதன் ஆவணமே சொல்கிறது. இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு போன்றவற்றுக்கு சார் இருந்துவிட்டுப் போகட்டும். மற்றதற்கெல்லாம் என் ஓட்டு வார்சாருக்கே. பழைய சார் நெடுவரிசையை மாற்றவே முடியாதென்றால், லைக்குக்கு முன், கடைசி வெற்றிடங்களை வெட்டும் ஆர்டிரிம் (RTRIM) போடுங்கள். அப்புறம் தேடலை வேகப்படுத்தும் சாதாரண இண்டெக்ஸ் உதவாது, அந்த ஆர்டிரிம் கோவைக்கென்றே (expression) தனி இண்டெக்ஸ் வேண்டும்.