தனுஷ்கோடிக்குக் கேன்வாஸ் போர்டா, எம்டிஎஃப் பலகையா?

தனுஷ்கோடிக் கடற்கரையில் உட்கார்ந்து தீட்டும் 6-க்கு 8 அங்குல எண்ணெய் வண்ணப் படத்துக்குக் கேன்வாஸ் போர்டு என்றால் வாங்கிய கையோடு தீட்டலாம். வசதி அவ்வளவுதான். துணிக்கு அடியில் இருப்பது வெறும் அட்டை. பாம்பன் ஈரக்காற்றைக் குடித்ததும் மூலை உப்பும், பிறகு வில்லாக வளையும். பின்பக்கமும் விளிம்பும் ஒரு கை அக்ரிலிக் ஜெசோ (சாயத்துக்கு அடியில் போடும் வெள்ளை அடிப்பூச்சு) பூசினால் கொஞ்சம் தாங்கும்.

3 மி.மீ. எம்டிஎஃப் பலகை (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) வேலை வாங்கும். 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, முன்பக்கம் 3 கை, பின்பக்கமும் விளிம்பும் 2 கை ஜெசோ. விளிம்பை விட்டால் ஈரம் அங்கேதான் நுழையும். ஒருமுறை உப்பியது பிறகு இறங்காது. கடைசிக் கையை மழமழவென்று தேய்த்துவிடாதீர்கள். வழுக்கும் பரப்பில் இரண்டாம் தீட்டல் முதல் சாயத்தையே வழித்துக்கொண்டு வரும்.

மதிய வெயிலில் மினுங்கும் கடலுக்குக் கேன்வாஸ் நெசவு நல்லது: காய்ந்த தூரிகையைப் படுக்கவைத்து இழுத்தால் மேடுகளில் மட்டும் வெள்ளை ஒட்டும். பனை ஓலைப் பெட்டியின் பின்னல், நெத்திலிக் கருவாட்டின் வெள்ளி வயிறு போன்றவற்றுக்கு எம்டிஎஃப்தான்; கோடு கூர்மையாக நிற்கும்.

1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் பக்கம் உட்கார்ந்து தீட்டினால் எதிலும் மணல் ஒட்டும். ஈரத்தில் கிள்ளாதீர்கள், தீற்றிவிடும். நன்றாகக் காய்ந்தபின் கத்தி முனையால் தட்டினால் பெரும்பாலும் உதிரும். டைட்டானியம் வெள்ளையைத் தடிமனாக வைத்த இடம் மட்டும் வாரக் கணக்கில் காக்கவைக்கும்.