சமையல்கட்டில் ஒரு அடிபம்பு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் காபி குடிப்பவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்றால் பழைய லிவர் எஸ்பிரெஸோ மெஷினை, அதாவது கைப்பிடியை அமுக்கிக் காபி இறக்கும் மெஷினை, தாராளமாக வாங்கலாம். காலை ஏழு மணிக்குள் நான்கு டம்ளர் காபி இறங்கியாக வேண்டிய வீடு என்றால் வேண்டாம், ஃபில்டரே போதும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் சமையல் மேடையில், மிக்ஸிக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் இது 14 மாதமாக உட்கார்ந்திருக்கிறது. இத்தாலியில் செய்தது. முன்பக்கப் பெயர்ப்பட்டை எப்போதோ கழன்று விழுந்துவிட்டது, இரண்டு திருகாணி ஓட்டைதான் மிச்சம். பித்தளை பாய்லர், மேலே குரோமியம் பூச்சு, பக்கத்தில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய், முன்னால் நீளமான கைப்பிடி. 26 ஆயிரம் ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். விற்றவர் "நேத்து வரைக்கும் காபி போட்டோம் மேடம்" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து பிளக்கைச் சொருகிய உடனே, கரண்ட் கசிந்தால் மெயினை அணைக்கும் ஈஎல்சிபி சுவிட்ச் விழுந்து வீடே இருட்டானது.

அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் சேர்ந்த புதிதில் நீராவி எஞ்சின் பார்த்தவர். மெஷினை ஒரு சுற்று சுற்றிவந்தார். கண்ணாடிக் குழாயைத் தட்டிப் பார்த்தார். மேலே இருந்த சேஃப்டி வால்வை விரலால் தூக்கிப் பார்த்தார். "இது இன்னாமா காபி மெஷினு, பாய்லரு" என்றார். அம்மா பார்த்தது கைப்பிடியை மட்டும். "தெருவுல அடிச்சது பத்தாதுன்னு சமையல்கட்டுலயும் அடிபம்பா?"

அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரி. கைப்பிடியைத் தூக்கினால் உள்ளே பிஸ்டன் மேலே ஏறும், பாய்லரில் இருக்கும் நீராவி அழுத்தம் சுடுதண்ணீரைத் தூளின் தலையில் தள்ளும். பத்து வினாடி அப்படியே நனையவிட வேண்டும். அப்புறம் கைப்பிடியை இறக்கினால் அந்தத் தண்ணீர் தூளைத் துளைத்துக்கொண்டு கீழே வரும். எஸ்பிரெஸோவுக்கு வேண்டியது சுமார் 9 பார் அழுத்தம். அதை இந்த மெஷினில் மோட்டார் தருவதில்லை, தோள்பட்டை தருகிறது. மிலான்காரர் அக்கில்லே காஜ்ஜா 1940களின் கடைசியில் கொண்டுவந்த லிவர் மெஷினில் ஸ்பிரிங் உண்டு. கை ஸ்பிரிங்கை அமுக்கிக் கொடுக்கும், ஸ்பிரிங் தண்ணீரை அமுக்கும். எஸ்பிரெஸோ மேல் நிற்கும் அந்தப் பொன்னிற நுரை அப்போதிலிருந்துதான் வந்தது. எங்களுடையதில் ஸ்பிரிங்கும் இல்லை. நேரடியாகக் கைதான்.

கரண்ட் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். ஹீட்டரின் ஒயரில் மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சூடு தாங்கும் ஒயர் மாற்றி, இத்தாலி பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டு 15 ஆம்ப் பிளக் வைத்து, எர்த் இருக்கிறதா என்று டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்த்த பிறகுதான் அப்பா எங்களைப் பக்கத்தில் விட்டார். முழு உடம்பும் உலோகம், உள்ளே தண்ணீர், கீழே ஈரமான மேடை. பழசு வாங்குகிறவர்கள் காபித்தூள் வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது தூள். வண்ணாரப்பேட்டையில் நாங்கள் வழக்கமாக வாங்கும், சிக்கரி கலந்த தூளைத்தான் முதல் நாள் போட்டேன். கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது. நான் தொங்காத குறை. பிசின் மாதிரி இரண்டு சொட்டு வந்தது. சிக்கரி இல்லாமல் பீபெரி என்ற உருண்டைக் காபிக்கொட்டை வாங்கி ஃபில்டர் பதத்தில் அரைத்துப் போட்டேன், தண்ணீர் மழைக்காலத்துக் கூரை மாதிரி ஒழுகியது. மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவு, பாதி நொய். கடைசியில் கையால் சுற்றும் கிரைண்டர் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. மெஷின் விலையில் நான்கில் ஒரு பங்கு அதற்குப் போனது. 14 கிராம் கொட்டையை அரைக்க இரண்டு நிமிடம் சுற்ற வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

பதம் சரியாக அமைந்த நாளில் கைக்கே தெரிந்துவிடும். கைப்பிடி முதலில் வழவழவென்று இறங்கி, ஒரு இடத்தில் முரண்டுபிடிக்கும். அங்கே வேகத்தைக் கூட்டக் கூடாது. அதே அழுத்தத்தில் இருந்தால் அதுவாக வழிவிடும். விளக்கெண்ணெய் மாதிரி கனமாக, கருப்பட்டிப் பாகு நிறத்தில் இறங்கும். 25, 30 வினாடியில் 30 கிராம் அளவுக்கு வரும். கடைசியில் வெளுக்க ஆரம்பித்ததும் டம்ளரை எடுத்துவிட வேண்டும். அந்த 30 கிராமில் ஆவின் பச்சை பாக்கெட் பாலை இதே மெஷினின் நீராவியில் சூடேற்றி ஊற்றினால், சும்மா சொல்லக் கூடாது, கிளாஸ். அப்பா அதையும் டபராவில் ஊற்றி ஆற்றித்தான் குடிக்கிறார். நுரைக்காக நான் பட்ட பாடெல்லாம் அங்கே போய்விடும். சொன்னால் கேட்பதில்லை.

பிரச்சினை மூன்றாவது காபியில் ஆரம்பிக்கும். பாய்லருக்குள் அழுத்தம் 0.8 பார் இருந்தால் தண்ணீர் 115 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். காபிக்கு வேண்டியது 90-லிருந்து 95. நடுவில், பிஸ்டன் ஏறி இறங்கும் பித்தளைப் பகுதிக்குத் தலை என்று பெயர், அதுதான் அந்த அதிகச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. முதல் காபிக்குத் தலை கொஞ்சம் குளிர்ச்சி, லேசாகப் புளிக்கும். இரண்டாவது அருமை. மூன்றாவதுக்குள் தலையும் கொதித்துவிடும், காபியில் தீய்ந்த கசப்பு ஏறும். ஈரத்துணியை மடித்துத் தலையில் சுற்றி, "ஜுரம் இறங்கட்டும்" என்று அப்பா காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா குடும்பம் வந்தால் அம்மா எங்களைக் கேட்பதே இல்லை, ஃபில்டரில் தூளைப் போட்டுவிடுவார்.

ஆபத்தான விஷயம் ஒன்று. காபி இறங்கி முடிந்தது என்று நினைத்து உடனே தூள் இருக்கும் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றக் கூடாது. உள்ளே அழுத்தம் மிச்சம் இருந்தால் கொதிக்கும் கசடு முகத்தில் அடிக்கும். எனக்கு நல்ல காலம், முகத்தை விட்டுவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரில் அடித்தது. முருகன் வேலிலிருந்து மயில் தோகை வரைக்கும் காபிப்பொடி. அன்றிலிருந்து இருபது எண்ணிவிட்டு, மெதுவாக அசைத்து, 'உஸ்' சத்தம் அடங்கிய பிறகுதான் திருப்புகிறேன். பாய்லர் மூடியும் அப்படித்தான், சூட்டோடு சூடாகத் திறக்கவே கூடாது. நடுவில் தண்ணீர் தீர்ந்தால் அணைத்து, நீராவியை முழுக்க வெளியே விட்டுவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கீழே போய்விட்டதைக் கவனிக்காமல் விட்டால் ஹீட்டர் எரிந்துவிடும்.

தண்ணீர் பற்றித் தனியாகவே எழுதலாம். எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படியும். அதை பாய்லரில் ஊற்றுவது பாவம். கேன் தண்ணீர் மட்டும் ஊற்றினால் உப்பு படியவில்லை, ஆனால் காபி சப்பென்று இருந்தது. இப்போது கேன் தண்ணீர் முக்கால், குழாயில் வரும் மெட்ரோ தண்ணீர் கால். நாக்கு சொன்ன கணக்குதான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மளிகைக்கடை லெமன் சால்ட் ஒரு மேஜைக்கரண்டியை ஒரு லிட்டரில் கரைத்து, லேசாகச் சூடாக்கி, இருபது நிமிடம் வைத்து, நான்கு தடவை அலசி விடுகிறோம். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் பித்தளையையே அரித்துவிடும். கடல்காற்றுக்குக் குரோமியம் வெளியே புள்ளிபுள்ளியாகப் போவதை மட்டும் தடுக்க முடியவில்லை. தினமும் துடைக்கிறேன், அவ்வளவுதான்.

அடிபம்பு என்று அம்மா சொன்னது பழுதுபார்க்கும்போதுதான் முழுசாகப் புரிந்தது. எட்டாவது மாதம் கைப்பிடித் தண்டின் ஓரமாகத் தண்ணீர் கசிந்தது, அமுக்கினால் பிடிமானமே இல்லை. அப்பா தலையைக் கழற்றிப் பிஸ்டனை உருவினார். அதில் இரண்டு ரப்பர் சீல், அடிபம்புக்குள் இருக்கும் வாஷர் மாதிரியே கிண்ண வடிவம். இரண்டும் இறுகி விறைத்திருந்தன. வெர்னியரில் அளவெடுத்துக்கொண்டு பாரிமுனை போனோம். நான்காவது கடையில் கிடைத்தது. சாதாரண ஆயில் சீல் வேண்டாம், சூடும் தாங்கணும், வாயில் படுகிற பொருளுக்கும் ஆகணும் என்று அப்பா நின்று கேட்டு வாங்கினார். விலையைவிடத் தேடிய நேரம் அதிகம். உணவுக்கு ஆகிற சிலிகான் கிரீஸ் பட்டாணி அளவு தடவி மாட்டினோம். மறுபடியும் ஒழுகியது. மேல் சீலின் வாய் மேலே பார்க்க வேண்டும், கீழ் சீலின் வாய் கீழே பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்திருந்தோம். நாற்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர் அன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது சீலின் அளவு, மாற்றிய தேதி, எந்தப் பக்கம் வாய் என்ற படம் எல்லாம் அந்தக் காபிக்கறை காலண்டரின் பின்பக்கம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அடுத்த தடவைக்கு இரண்டு ஜோடி சீல் வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் போட்டிருக்கிறோம். போன வாரம் அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இத எடுத்துட்டு வேற எடத்துல வைங்க, ரசத்துல போட்டுடப்போறேன்" என்றார்.