லண்டனா, டுசல்டார்ஃபா? வாடகைக்கு இருப்பவனின் கணக்கு

பிரிட்டனில் வாழ்க்கைத் தரம் உண்மையிலேயே சரிந்துவிட்டதா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. சென்னையிலோ கோவையிலோ லண்டன் ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் ஒரு வகை. லண்டனிலேயே பல வருடம் ஓட்டிவிட்டு, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதும் தூக்கம் கெட்டுக் கேட்பவர்கள் இன்னொரு வகை. நாங்கள் இரண்டாவது வகையாக இருந்தவர்கள். தெற்கு லண்டனை விட்டுவிட்டு ஜெர்மனியில் டுசல்டார்ஃப் பக்கம் வந்து சில வருடங்கள் ஆகின்றன, திரும்பிப் போகிற எண்ணம் இல்லை, ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

சீக்கிரம் முடிகிற விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மொழி, சாப்பாடு, கோயில், சொந்தபந்தம், எல்லாவற்றிலும் லண்டன்தான், வாதத்துக்கே இடமில்லை. டூட்டிங்கிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ முருங்கைக்காய் வாங்க யாரும் திட்டம் போடுவதில்லை. ஹைகேட்டில் முருகன், விம்பிள்டனில் பிள்ளையார். இங்கே கோயில் என்றால் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டி ஹம் நகரத்துக் காமாட்சி அம்மனிடம் போக வேண்டும். 2002இல் குடமுழுக்கு நடந்த, கோபுரத்தோடு கூடிய பெரிய கோயில், ஈழத்தமிழர்கள் எழுப்பியது. அங்கே பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்கட சனம் பிள்ளையளை இங்கிலீசில படிப்பிக்கோணும் எண்டு இஞ்ச இருந்து லண்டனுக்குப் போனது, தம்பி. நீங்கள் அங்க இருந்து இஞ்ச வாறியள்!" அவர் சொன்னது நிஜம். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்துக் குடியுரிமை வாங்கிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் 2000த்தை ஒட்டிய வருடங்களில் நிறையவே இங்கிலாந்துக்குப் பெயர்ந்தன. அன்று அது சரியான கணக்கு.

நிறம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதிலும் பிரிட்டன்தான் மேல். ரிஷி சுனக் 2022இல் பிரதமராக வந்தபோது அலுவலகத்தில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அப்படி ஒன்று ஜெர்மனியில் நடக்க இன்னும் ஒரு தலைமுறையாவது ஆகும். 2025 பிப்ரவரி தேர்தலில் வலதுசாரி ஏஎஃப்டி கட்சி 20.8 சதவீத வாக்கோடு இரண்டாவதாக வந்தது. 2024 கோடையில் இங்கிலாந்தில் குடியேறியவர்களுக்கு எதிராக நடந்த கலவரங்களையும் பார்த்தோம் என்பதால் அங்கே எல்லாம் பூந்தோட்டம் என்று சொல்ல வரவில்லை, ஆனாலும் தெருவில் நடக்கும்போது தனியாகத் தெரிகிற உணர்வு லண்டனில் எனக்கு இருந்ததே இல்லை.

சரி, பணம். பிரிட்டனில் 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதம், நாற்பது வருடத்தில் காணாத அளவு. வழக்கமான ஒரு வீட்டின் கேஸ், கரண்ட் செலவுக்கான வருட உச்சவரம்பு 2021 குளிர்காலத்தில் 1,277 பவுண்ட். அடுத்த அக்டோபரில் அது 3,549 பவுண்டாக இருந்திருக்க வேண்டியது, அரசு மானியம் கொடுத்து 2,500இல் நிறுத்தியது. ரஷ்ய கேஸ் நின்றதில் ஜெர்மனியும் அடி வாங்கியது, இங்கேயும் எல்லாம் ஏறியது. காய்கறி, மளிகையை மட்டும் பார்த்தால் லண்டன் இன்றைக்கும் மோசமில்லை. ஆகவே விலை ஏறியதைச் சரிவு என்று நான் சொல்ல மாட்டேன். 2008 நெருக்கடிக்குப் பிறகு பதினைந்து வருடம் போல பிரிட்டனில் சராசரிச் சம்பளத்தின் வாங்கும் சக்தி நகரவே இல்லையே, அதைத்தான் சொல்வேன். விலை ஏறும்போது தாங்குவதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வரி விலக்கு வரம்பு 2021இலிருந்து 12,570 பவுண்டிலேயே நிற்கிறது, சம்பளம் கொஞ்சம் உயர்ந்தாலும் வரி அதைத் தின்றுவிடுகிறது.

ஜெர்மனியில் பிடித்தம் இதைவிட அதிகம், மறைக்க ஒன்றுமில்லை. தனி ஆளாக நல்ல சம்பளம் வாங்கினால் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் வரியிலும் காப்பீட்டிலும் போய்விடும். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து என் மனைவி "இதுக்கா வந்தோம்?" என்றுதான் கேட்டாள். ஆனால் கட்டுகிற பணத்துக்கு ஈடாக எதிரே ஏதோ இருக்கிறது. லண்டனின் கிராய்டன் நகராட்சி கடனில் மூழ்கி, 2023 ஏப்ரலில் கவுன்சில் டாக்ஸை, அதாவது வீட்டுக்கு நகராட்சி வாங்கும் வரியை, ஒரேயடியாக 14.99 சதவீதம் உயர்த்தியது. ஸ்லவ், தர்ரக் நகராட்சிகள் 9.99. அதே வருடம் செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகராட்சி பணமில்லை என்று கையை விரித்தது, 2025இல் அங்கே குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தத்தில் தெருவெல்லாம் மூட்டையாகக் கிடந்தது. கூடுதலாக வாங்கி, குறைவாகச் செய்கிறார்கள். நூலக நேரம் குறையும், சாலையில் பள்ளம் அப்படியே இருக்கும், பில் மட்டும் ஏறும்.

மருத்துவம் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், நான் சுருக்கமாக. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் காத்திருப்புப் பட்டியல் 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தொட்டது. அவசரம் என்றால் இன்றும் அவர்கள்தான் தெய்வம், கையில் காசு கேட்க மாட்டார்கள். அவசரம் இல்லாத வலி என்றால் உங்கள் பாடு. பல் டாக்டர் விஷயம் இன்னும் மோசம், 2024 பிப்ரவரியில் பிரிஸ்டலில் ஒரு புதிய பல் மருத்துவமனை திறந்தபோது பதிவு செய்ய நின்ற வரிசையை போலீஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. இங்கே பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் தோல் டாக்டர், கண் டாக்டரிடம் தேதி கிடைக்க மாதங்கள் ஆகின்றன, தனியார் காப்பீடு வைத்திருப்பவனுக்கு அடுத்த வாரமே கிடைக்கும். ஆக, இதில் ஜெர்மனி கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இவை எதற்காகவும் நாங்கள் நாடு மாறியிருக்க மாட்டோம். மாறியது வீட்டுக்காக.

லண்டனில் நாங்கள் இருந்தது விக்டோரியா காலத்துச் செங்கல் வீடு ஒன்றை மூன்றாகப் பிரித்ததில் மாடிப் பகுதி. அந்த ஊரில் நிறையப்பேர் இருப்பது இப்படிப்பட்ட வீட்டில்தான், வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். நடுவில் இடைவெளி இல்லாத ஒற்றைச் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், சூடு நிற்கவே நிற்காது. கேஸ் விலை கம்மியாக இருந்தபோது ஹீட்டிங்கை ஓடவிட்டுச் சமாளித்த குறை அது. விலை எகிறியதும் எல்லோரும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று அளந்து போட ஆரம்பித்தார்கள். துணியையும் உள்ளேதான் காயப்போட வேண்டும். பிறகென்ன, அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. ஏஜென்சியில் புகார் சொன்னால், சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பதில் வரும். ஜனவரியில்! சாம்பார் கொதிப்பதுதான் பிரச்சினை என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

எங்களுக்கு அது எரிச்சலோடு போனது. ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் வீட்டுப் பூஞ்சையால் இறந்தே போனான். அவன் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபரில் நகராட்சியும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடுகிற சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது, தனியார் வாடகை வீடுகளுக்கு இனிமேல்தான் வர வேண்டும்.

பூஞ்சையைவிடப் பெரியது பயம். இங்கிலாந்தில் 1988ஆம் வருட வீட்டு வசதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு என்று ஒன்று, நாங்கள் இருந்தபோது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் காரணம் எதுவும் சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் வீட்டைக் காலி செய்யச் சொல்ல அது இடம் கொடுத்தது. இது தலைக்கு மேல் தொங்கும்போது யார் துணிந்து பாய்லரைப் பற்றிப் புகார் சொல்வார்கள்? குறை சொல்லி நோட்டீஸ் வாங்குவதைவிடக் குளிரில் கிடக்கலாம் என்று எத்தனையோ குடும்பங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தன, நாங்களும் அப்படித்தான். பிள்ளையின் பள்ளிக்கூடம், குடும்ப டாக்டர், வேலைக்குப் போகிற ரயில், எல்லாம் அந்த ஒரு முகவரியில் கட்டப்பட்டிருக்கிறது. 1,750 பவுண்ட் கொடுத்துக்கொண்டிருந்தோம், 2,150 கேட்டார் வீட்டுக்காரர். அது அக்கம்பக்கத்து விலைதான், அநியாயம் என்றும் சொல்ல முடியாது. லண்டனில் சராசரி வாடகை 2025இல் 2,200 பவுண்டைத் தாண்டிவிட்டது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இதை மாற்றச் சட்டம் வந்துவிட்டது. வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2025 அக்டோபரில் நிறைவேறியது, அதன்படி 2026 மே 1 முதல் 21ஆம் பிரிவு நோட்டீஸ் செல்லாது. ஸ்காட்லாந்தில் 2017 முடிவிலேயே இதை ஒழித்துவிட்டார்கள். இங்கிலாந்தின் புதிய சட்டப்படி, வீட்டை விற்கப் போகிறேன், நானே குடிவரப் போகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லலாம், ஆனால் குடிவந்த முதல் வருடத்தில் முடியாது, பிறகும் நாலு மாத நோட்டீஸ் தர வேண்டும். வாடகையை வருடத்துக்கு ஒரு முறை மார்க்கெட் விலைக்கு ஏற்றலாம் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. வெளியேற்ற நோட்டீஸுக்குப் பதில் வாடகை உயர்வுக் கடிதம் வந்தாலும் பெட்டியைக் கட்டத்தானே வேண்டும்?

ஜெர்மனியில் பாதி மக்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், டாக்டர், வக்கீல், ஓய்வு பெற்ற வாத்தியார் எல்லோரும் சேர்த்துத்தான். ஓட்டு எங்கே இருக்கிறதோ சட்டம் அங்கே சாய்கிறது. ஒப்பந்தத்துக்குப் பொதுவாக முடிவுத் தேதியே கிடையாது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல வேண்டுமென்றால் தனக்கோ தன் குடும்பத்துக்கோ வீடு தேவை என்பது போன்ற சட்டம் ஏற்கிற காரணம் வேண்டும், நோட்டீஸ் மூன்று மாதம். ஐந்து வருடம் இருந்துவிட்டால் ஆறு மாதம், எட்டு வருடம் ஆனால் ஒன்பது மாதம். ஏற்கெனவே குடியிருப்பவரின் வாடகையைப் பொதுவாக மூன்று வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது, நெருக்கடியான ஊர்களில் அது 15 சதவீதம். ஹீட்டிங் ஓடவில்லை என்றால் வாடகையைக் குறைத்துக் கட்டலாம். அடுத்த வீட்டு அம்மா நாங்கள் வந்த முதல் வாரமே வாடகைதாரர் சங்கத்தில் சேரச் சொன்னார், வருடச் சந்தா அதிகமில்லை, வக்கீல் ஆலோசனை அதிலேயே வந்துவிடுகிறது.

எங்கள் வீடு எழுபதுகளில் கட்டிய ஒரு சாதாரண அடுக்குமாடியில், அழகென்று ஒன்றும் கிடையாது. இரட்டைக் கண்ணாடி, கட்டடத்துக்கு ஒரே ஹீட்டிங், ஜனவரியில் வீட்டுக்குள் வேட்டி பனியனோடு நடக்கலாம். 85 சதுர மீட்டர், ஹீட்டிங் எல்லாம் சேர்த்து 1,450 யூரோ. பூஞ்சை வந்தால் இந்த ஊரிலும் "நீங்கள் காற்றோட்டம் விடவில்லை" என்றுதான் முதலில் சொல்வார்கள், தினமும் ஜன்னலை அகலத் திறந்து வைப்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், இல்லை, சுவர்தான் காரணம் என்று நான் எழுத்தில் சண்டை போடலாம், வீடு போய்விடாது.

ஆனால் அந்த வீட்டுக்குள் நுழைவதற்குப் பட்ட பாடு இருக்கிறதே! பார்க்கப் போகிற இடமெல்லாம் கூட்டம். கடன் வரலாற்றுச் சான்று கேட்பார்கள், புதிதாக வந்தவனிடம் அது எப்படி இருக்கும்? நம் பெயரைப் பார்த்ததும் பதிலே வராத விண்ணப்பங்களும் உண்டு. மூன்று மாத வாடகை அட்வான்ஸ். பெரும்பாலான வீடுகளில் சமையலறை என்றால் வெறும் சுவரும் குழாயும்தான், அடுப்பு, ஸிங்க், அலமாரி எல்லாம் நாம்தான் போட வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை பராமரிப்புக் கணக்கு வேறு வரும், பாக்கி என்று சில நூறு யூரோ கேட்டால் வயிறு கலங்கும்.

வாங்குவதைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது, நாங்கள் இரண்டு ஊரிலும் வாங்கவில்லை. நண்பர்கள் பட்டதைச் சொல்கிறேன். லண்டனில் அடுக்குமாடி வாங்கியவர்களில் சிலர் 2017இல் அங்கே கிரென்ஃபெல் அடுக்குமாடி தீப்பிடித்து எரிந்த பிறகு, தீப்பற்றும் வெளிச்சுவர்ப் பலகைப் பிரச்சினையில் மாட்டி விற்கவே முடியாமல் வருடக்கணக்கில் இருந்தார்கள். இன்னொரு நண்பர் 2022 செப்டம்பர் மினி பட்ஜெட்டால் வட்டி எகிறிய சமயத்தில் கடனைப் புதுப்பிக்க வேண்டி வந்தது, அங்கே வட்டி இரண்டு அல்லது ஐந்து வருடத்துக்குத்தான் நிலையாக இருக்கும், மாதத் தவணை எகிறிவிட்டது. இங்கே பத்து, பதினைந்து வருடத்துக்கு வட்டியைக் கட்டிப்போடுகிறார்கள். ஆனால் எங்கள் மாநிலத்தில் வாங்கும்போதே 6.5 சதவீதம் வரி, அதன்மேல் நோட்டரி, புரோக்கர். அவசரத்தில் விற்க நேர்ந்தால் நஷ்டம்தான்.

ஜெர்மனி சரியவில்லையா என்றால், சரிகிறது. 2024இல் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், லண்டன் ரயிலைத் திட்டிய வாயால் இப்போது ஒன்றும் பேச முடிவதில்லை. லூடன்ஷைட் பக்கம் ஏ45 நெடுஞ்சாலைப் பாலத்தை 2021 டிசம்பரில் மூடினார்கள், பிறகு இடித்தே விட்டார்கள். 2023, 2024 இரண்டு வருடமும் பொருளாதாரம் சுருங்கியது. ஆனால் ரயில் தாமதமானால் ஒரு நாள் கெடும், வீடு போனால் பிள்ளையின் பள்ளியே மாறும்.

பள்ளி பற்றிய பெரிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இங்கே நாலாம் வகுப்போடு பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள், எங்கள் மகள் இன்னும் இரண்டாம் வகுப்பு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால், ஜெர்மன் தெரியாமல் அந்த வயதில் கொண்டுவந்து போடுவதற்கு நானே பயப்படுவேன், லண்டனிலேயே இருங்கள் என்றுதான் சொல்வேன். லண்டனில் சொந்த வீடு வாங்கி, கடனைப் பாதிக்கு மேல் அடைத்தவர்களுக்கும் அதே பதில்.

வாடகையில் இருப்பவர்கள், சிறு பிள்ளை வைத்திருப்பவர்கள், தொழில்நுட்ப வேலையில் இருப்பவர்கள் யோசிக்கலாம். படித்த வேலைக்காரர்களுக்கான நீலஅட்டை விசாவில் வந்தால், பி1 என்கிற நடுத்தர அளவு ஜெர்மன் படித்திருந்தால், 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை. குடியுரிமைக்கு ஐந்து வருடம், 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையையும் ஏற்கிறது, இந்தியா ஏற்காது என்பது வேறு கதை. பிரிட்டனில் நிரந்தர உரிமைக்கான காலத்தைப் பத்து வருடமாக்கப் போவதாக 2025 மே மாதமே அரசு அறிவித்துவிட்டது. ஏற்கெனவே அந்த நிரந்தர உரிமையை (ஐஎல்ஆர்) வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து வெளியே இருந்தால் அது போய்விடும். ஆகவே கிளம்புவதென்றால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதை வைத்துக்கொண்டு விசா இல்லாமலே ஜெர்மனிக்குள் வந்து, இங்கே இருந்தபடியே வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி வரும்வரை வேலையில் சேர முடியாது, அதற்குத் தகுந்த மாதிரி கையில் சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.