கமிஷனா, மாத வாடகையா? கிரியேட்டர்களுக்கான தளம் தொடங்குவோர் போட வேண்டிய கணக்கு

யூடியூப், நீள வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55%ஐ வீடியோ போடும் கிரியேட்டருக்குத் தருகிறது, ஷார்ட்ஸில் 45%. அதுவும் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். அதனால்தான் ரசிகர்களிடமே சந்தா வாங்கித் தரும் தளங்களுக்கு வேலை இருக்கிறது. அப்படி ஒரு தளம் கட்டுகிறவர் காசு பார்க்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, பேட்ரியான், சப்ஸ்டாக் போல வசூலில் பங்கு எடுப்பது. மற்றது, கோஸ்ட் போல வசூலைத் தொடாமல் மென்பொருளுக்கு மாத வாடகை வாங்குவது.

₹99 சந்தாவில் 400 உறுப்பினர்கள் உள்ள ஒரு சமையல் சேனலை எடுத்துக்கொள்வோம். மாத வசூல் ₹39,600. 10% கமிஷன் என்றால் ₹3,960, அதன் மேல் 18% ஜிஎஸ்டி ₹713. ரசிகர் கட்டும் பணத்தை ஆன்லைனில் வசூலித்துத் தரும் பேமெண்ட் கேட்வே 2%, அதற்கு ஜிஎஸ்டி சேர்த்து 2.36%, அதாவது ₹935. கிரியேட்டர் கையில் நிற்பது ₹33,992. அதே சேனல் ₹1,499 வாடகைத் தளத்தில் இருந்தால், ஜிஎஸ்டி, கேட்வே எல்லாம் போக ₹36,896. மாதம் ஏறக்குறைய ₹2,900 வித்தியாசம். இரண்டும் சமமாகும் இடம் ₹14,990 வசூல், அதாவது சுமார் 152 உறுப்பினர்கள். அதற்குக் கீழே கமிஷன் மலிவு, மேலே வாடகை மலிவு.

சிக்கலும் இங்கேதான். கமிஷன் தளத்தில் சின்ன சேனல்கள் நிம்மதியாக இருக்கும், பெரியவை கணக்குப் போட்டுப் பார்த்துக் கிளம்பிவிடும். வாடகைத் தளத்தில் நேர்மாறு. 12 உறுப்பினர்களோடு ₹1,188 வசூலிப்பவர் ₹1,499 வாடகையை எத்தனை மாதம் கட்டுவார்? மூன்றாவது மாதமே கணக்கை மூடிவிடுவார்.

விலையை நடுவில் மாற்றுவதும் ஆபத்து. 2017 டிசம்பரில் பேட்ரியான், ஒவ்வொரு ஆதரவுத் தொகைக்கும் 2.9% + 35 சென்ட் கட்டணத்தை ஆதரவாளர் தலையில் போடப் போவதாக அறிவித்தது. 1 டாலர் கொடுத்தவருக்கு 1.38 டாலர் ஆகியிருக்கும். பத்துப் பேருக்குத் தலா ஒரு டாலர் கொடுப்பவர்தான் அதிகம் அடிபடுவார். எதிர்ப்பு கிளம்பி, ஒரே வாரத்தில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பழைய கணக்குகளைத் தொடாமல் புதியவற்றுக்கு மட்டும் விகிதத்தை மாற்றுவதே பிழைக்கும் வழி. 2025 ஆகஸ்டில் 10%க்குப் போனபோது பேட்ரியான் அப்படித்தான் செய்தது.

அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. சப்ஸ்டாக்கில் 5 டாலர் சந்தாவுக்குத் தளம் 50 சென்ட் எடுக்கும், அதன் கேட்வேயான ஸ்ட்ரைப் 2.9% + 30 சென்ட் எடுக்கும். கிரியேட்டருக்கு 4 டாலர் சொச்சம். சின்னத் தொகையை அரிப்பது அந்த 30 சென்ட். நம்மூர் கேட்வேக்களில் பெரும்பாலும் விகிதம் மட்டும்தான், ₹99க்கு ₹2.34 போகும். ஆகவே ₹49 சந்தாகூட இங்கே தாங்கும். ஆனால் சந்தா வசதிக்கென்று கேட்வே தனியாகக் கூடுதல் விகிதம் வைத்திருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

இங்கே அரிப்பது வேறு: மாதாமாதம் சந்தாவைத் தானாக எடுக்கும் யுபிஐ ஆட்டோபே. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு உறுப்பினருக்குத் தகவல் போக வேண்டும். அதைப் பார்த்ததும் பலருக்கு, 'ஓ, இது இன்னும் ஓடுகிறதா' என்று நினைவு வரும், யுபிஐ செயலிக்குள்ளேயே ரத்து செய்துவிடலாம். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் தவணை விழாது. 2025 ஆகஸ்ட் முதல் ஒரு தவணைக்கு ஒரு முயற்சி, மேலும் மூன்று மறுமுயற்சி, அவ்வளவுதான். மூன்றையும் ஒரே நாளில் தீர்க்காமல், ஒன்றையாவது மாதத்தின் முதல் வாரத்துக்கு, சம்பளம் ஏறிய பிறகு, வையுங்கள். ₹999 ஆண்டுச் சந்தாவையும் பக்கத்திலேயே காட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறைதான் இந்தச் சோதனை.

கமிஷன் வழியில் பணம் உங்கள் வழியாகப் போகிறது, அங்கே சட்டம் இருக்கிறது. வசூலை உங்கள் வங்கிக் கணக்கில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். பிறர் பணத்தை அப்படிக் கையாள ரிசர்வ் வங்கியின் பேமெண்ட் அக்ரிகேட்டர் அனுமதி வேண்டும், விண்ணப்பிக்கவே ₹15 கோடி நிகர மதிப்பு காட்ட வேண்டும். உரிமம் பெற்ற கேட்வேயின் பங்கு பிரிக்கும் வசதியில் ஒவ்வொரு கிரியேட்டரையும் இணைத்துவிட்டால், அவர் பங்கு நேராக அவர் கணக்குக்குப் போகும். ரீஃபண்டுக்காக ஏழு நாளாவது செட்டில்மெண்டை, அதாவது கிரியேட்டர் கணக்குக்குப் பணம் போவதை, நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திருப்பித் தரும் பணம் உங்கள் பையிலிருந்து போகும்.

இணைக்கும்போது தமிழ்நாட்டில் அடிக்கடி தட்டுகிற இடம் இன்ஷியல். வங்கிக் கணக்கில் 'எஸ் முருகன்', பான் அட்டையில் 'முருகன் செல்வராஜ்'. பெயர் பொருந்தவில்லை என்று கேட்வே திருப்பி அனுப்பும், கிரியேட்டருக்குக் காரணம் புரியாது. பதிவுப் படிவத்திலேயே 'பான் அட்டையில் உள்ளபடி' என்று ஒரு கட்டம், 'வங்கிப் பாஸ்புக்கில் உள்ளபடி' என்று ஒரு கட்டம் வைத்தால் பாதித் தொல்லை தீரும். வாடகை வழியில் கிரியேட்டரே கேட்வே கணக்கு திறக்க வேண்டும் என்பதால், இந்த இடத்தில் மாட்டி, உங்கள் தளத்துக்கு வராமலே போய்விடுகிறவர்கள் அதிகம். பதிலுக்கு, பணம் உங்களைத் தொடாததால் ஜிஎஸ்டி டிசிஎஸ், அதாவது கிரியேட்டரின் வசூலில் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் வேலை, உங்களுக்கு இல்லை.

டொராண்டோ, சிங்கப்பூர் வாசகர்களுக்கு பிடிஎஃப் விற்பது மட்டும்தான் தேவை என்றால் இந்த இரண்டும் வேண்டாம். டிஜிட்டல் பொருள் விற்கும் தளமான கம்ரோட் 2025 ஜனவரி முதல் தானே விற்பனையாளராக நின்று அந்தந்த நாட்டு விற்பனை வரியைக் கட்டுகிறது. விலை 10% + 50 சென்ட், கார்டு கட்டணம் தனி. 3 டாலர் புத்தகத்தில் கம்ரோடுக்கு மட்டுமே 80 சென்ட் போய்விடும், எனவே 8, 10 டாலருக்குக் குறையாத பொருளுக்கே அது ஒத்துவரும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு எங்கள் தேர்வு கமிஷன், ஆனால் உச்சவரம்போடு: 10%, மாதம் ₹1,499க்கு மேல் எடுப்பதில்லை. 12 உறுப்பினர் உள்ளவர் ₹119 கட்டுவார். 400 பேர் உள்ள சமையல் சேனல் ₹1,499 கட்டும், வேறு தளத்துக்கு மாறக் கணக்கு ரீதியாகக் காரணம் இருக்காது. உச்சவரம்பை முதல் நாளே விலைப் பக்கத்தில் எழுதுங்கள். பெரிய சேனல் கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகு கொடுத்தால், அடுத்தவரும் அதே மிரட்டலோடு வருவார்.