வெள்ள நிவாரணப் பணம்: பெரிய நிறுவனத்திடமா, ஊர்க் குழுவிடமா?

மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கிற வருஷமெல்லாம் பவானி, குமாரபாளையம், கொடுமுடி கரையோரத்துச் சனம் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மூட்டை கட்டும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி வந்தது. முகாமில் வேலை செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த நாட்களில் திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் போன் வந்துகொண்டே இருக்கும்: "பணம் ரெடியா இருக்குதுங்க, யாருகிட்டக் கொடுக்கறது?"

வழி மூன்று. வெளியூர்ப் பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று. மகளிர் குழு, இளைஞர் மன்றம், ஜமாத், கோவில் கமிட்டி என்று உள்ளூர் ஆட்கள் இரண்டு. இருவரும் சேர்ந்து செய்வது மூன்று.

முதல் ராத்திரியைப் பொறுத்தவரை போட்டியே கிடையாது. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்று தெரிந்தவர்தான் அவரைத் தூக்கிவர முடியும். பெரிய நிறுவனத்தின் வண்டி வந்து சேர எப்படியும் மூணு நாலு நாள் ஆகிவிடும்.

ஆனால் உண்மையான வித்தியாசம் தண்ணி இறங்கின பிறகுதான் தெரியும். ஒரு முறை முகாமுக்குப் பாய், போர்வை, வாளி, பிஸ்கட் அடங்கிய பை வந்தது. நல்ல தரமான பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். வரிசையில் நின்ற ஜமக்காள நெசவுக்கார அக்கா ஒருவர் பாயைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஜமக்காளம் நெய்யறவளுக்குப் பாய் எதுக்குங்க தம்பி? குழி காஞ்சாத்தானே நான் தறியில உக்கார முடியும்!" அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குழித்தறியில் கால் வைத்து மிதிக்கிற குழி முழுக்கச் சேறு. தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூல் நனைந்து, சிவப்புச் சாயம் பச்சையில் இறங்கியிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது தண்ணி இறைக்க ஒரு மோட்டார், புதுப் பாவுக்கு நூல், தறி ஓடும் வரைக்கும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். அந்தத் தெரு மகளிர் குழு எத்தனை தறிக்கு என்ன சேதம் என்று ரெண்டே நாளில் நோட்டில் எழுதி வைத்திருந்தது. அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க நிறுவனத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

இதற்காக ஊர்க் குழு என்றாலே உத்தமம் என்று எழுத என் மனசு ஒப்பவில்லை. "ஊர்" என்று நாம் சொல்லும்போது காலனி அதற்குள் இருக்கிறதா? கொங்கு நாட்டில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. கமிட்டியில் ஒரே சாதிக்காரர்கள் உட்கார்ந்திருந்தால் அருந்ததியர் தெருவுக்குச் சோற்றுப் பாத்திரம் கடைசியாகத்தான் போகும். போவதற்குள் காலியானதையும் பார்த்திருக்கிறேன். விசைத்தறிக் கூடத்தில் தங்கி வேலை செய்கிற ஒடிசா, பீகார் பையன்கள் ரேஷன் கார்டு இல்லாததால் எந்தப் பட்டியலிலும் ஏற மாட்டார்கள். இந்த இடத்தில் வெளியூர் நிறுவனம் ஒரு படி மேல். அவர்களுக்கு உள்ளூர் முகதாட்சண்யம் இல்லை. யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலும் புகார் சொல்ல ஒரு நம்பரும் வைத்திருப்பார்கள்.

கணக்கு வழக்கிலும் பெரியவர்கள் கை ஓங்கியிருக்கிறது. கம்பெனிகள் சமூக நலனுக்கென்று ஒதுக்குகிற சி.எஸ்.ஆர் பணத்தை வாங்கிச் செலவு செய்ய ஒரு டிரஸ்டுக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு வேண்டும், மூன்று வருஷ அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 என்ற பதிவும் வேண்டும். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த மகளிர் குழு இதற்கு எங்கே போகும்?

உலக அளவிலும் இதே கதைதான். 2016-ல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில் பெரிய நாடுகளும் நிறுவனங்களும் உதவிப் பணத்தில் 25 சதவீதத்தை 2020-க்குள் உள்நாட்டு, உள்ளூர் அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகவே தருவதாக ஒப்புக்கொண்டன. இலக்கை எட்டவில்லை. நம் நாட்டில் 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தப் பணத்தை வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது என்றாகிவிட்டது. ஆகவே இருவரும் சேர்ந்து செய்கிற மூன்றாவது வழி வெளிநாட்டுப் பணத்துக்கு அடைபட்ட வழி. உள்நாட்டுப் பணத்துக்குத் திறந்தே இருக்கிறது. பனியன் கம்பெனிக்காரர்களும் மில்காரர்களும் மனசு வைத்தால் நடக்கும்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு, அதுவும் முடிவு ஊர்க் கையில் இருந்தால் மட்டும். பதிவுள்ள ஒரு டிரஸ்ட் பணத்தை வாங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். என்ன வாங்குவது, முதலில் யாருக்கு என்பதைத் தெருக் குழு சொல்லட்டும். அந்தக் குழுவில் காலனிப் பெண்கள் பாதிப் பேர் இருக்க வேண்டும், பயனாளி பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும். கணக்கு எழுதுகிற பெண்ணுக்குச் சம்பளம் கொடுங்கள். "சேவைதானே" என்று அவர் உழைப்பை ஓசியில் வாங்குவதால்தான் ஊர்க் குழுக்கள் ரெண்டு வருஷத்தில் கலைந்துபோகின்றன.

பணத்தை வெள்ளம் வந்த பிறகு அனுப்பாதீர்கள், ஆடி பிறப்பதற்கு முன்பே கொடுங்கள். நாங்கள் முதலில் வாங்க நினைப்பது சேறு இறைக்கிற டீசல் மோட்டார் ரெண்டு. அவற்றைக் காலனிச் சமுதாயக் கூடத்தில் வைத்து, சாவியை அந்தத் தெரு மகளிர் குழுவிடமே கொடுப்பதாகப் பேசி முடித்திருக்கிறோம்.